ஒரே நம்பரில் இரண்டு சில்லு

இன்று காலையில் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட ஆள் வந்திருந்தான். மெஷினைக் கவிழ்த்துப் போட்டு, துளைக்குத் துளை சொட்டு விட்டு, பழைய பனியன் துணியால் துடைத்துவிட்டுப் போனான். அவன் படியிறங்கிப் போனபிறகும் வாசனை கூடத்தை விட்டுப் போகவில்லை. நான் ஷேவ் செய்துகொண்டிருந்தேன். பாதி முகத்தில் நுரையோடு வந்து வாசலை எட்டிப் பார்த்தேன் வே. யாரைப் பார்க்கப் போனேன் என்று என் வீட்டுக்காரி கேட்டாள். சும்மாதான் என்றேன். உம்முடைய சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, அந்த எண்ணெய்ப் புட்டி இருக்கும். நீர் வந்து உட்கார்ந்து எழுந்துபோனால் எங்கள் நாற்காலித் துணியில் அந்த வாசனை இருக்கும்.

உம்மை நினைத்தால் அழுகை வர வேண்டும், அதுதானே முறை. எனக்கு முதலில் வந்தது பயம். நீர் போய்ச் சேர்ந்து ஒரு குளிர்காலம் முடிந்து வெயிலும் வந்துவிட்டது. ஆனாலும் அந்த எண்ணெய் வாசனை மூக்கில் ஏறினதும் நீர் வாசலில் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. நுரையைக் கழுவிவிட்டு, ஆபீசுக்குப் போகாமல், இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். ஸ்டோர்கீப்பர் ஒரு நாள் வராவிட்டால் நாற்காலிகள் ஓடிவிடாது.

நாம் பழகினது எப்படி என்று ஊரில் யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். ஐ.என்.ஏ. மார்க்கெட் நிறுத்தத்தில் பஸ் ஏறும்போது எவனோ என் காலை மிதித்தான். தில்லியில் தமிழில் வைதால் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியத்தில், “கண்ணு தெரியலையாவே” என்று வாய்விட்டுச் சொன்னேன். “தெரியுது வே. கால வைக்கத்தான் எடமில்ல” என்று பதில் வந்தது. கோவில்பட்டிக்காரனுக்கு அம்பாசமுத்திரத்துக்காரர் கிடைத்தது அப்படித்தான். நீர் லக்ஷ்மிபாய் நகரில், நான் ஆர்.கே.புரத்தில். நீர் கணக்குப் பிரிவில் பி.காம்., நான் இரண்டு தடவை எழுதித் தேறின பிளஸ் டூ. ஆனாலும் நீர் எண்ணெய்க் கறையோடும் நான் இஸ்திரி போட்ட சட்டையோடும் திரிந்ததால், பார்க்கிறவர்கள் என்னைத்தான் ஆபீசர் என்று நினைத்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

உம்முடைய ரயிலை முதலில் காட்டினபோது நான் சிரித்தேன். உம் வீட்டு மதினியின் தம்பி ஜெர்மனியிலிருந்து அனுப்பின, ஒரு சாண் நீளமுள்ள டீசல் எஞ்சின். அதன் சக்கரத்துக்கு விடத்தான் அந்த எண்ணெய்ப் புட்டி. தண்டவாளத்தைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துத் தரையில் வட்டமாகக் கோப்பீர். எஞ்சினுக்குள்ளே டீகோடர் என்று கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு. அதற்கு ஒரு நம்பர் உண்டு. கைப்பெட்டியில் அந்த நம்பரைப் போட்டுத் திருகைத் திருப்பினால், அந்த நம்பர்க்காரன் மட்டும் கேட்டு நடப்பான். உம்முடைய எஞ்சினில் இரண்டு சில்லு. முதலிலிருந்தே இருந்தது சக்கரத்தை ஓட்டும். மச்சினன் பிறகு அனுப்பினது சத்தம் மட்டும் போடும். இரண்டுக்கும் கம்பெனி போட்டுவிட்ட நம்பர் மூன்று. அதனால் திருகினால் ஓட்டமும் உறுமலும் சேர்ந்தே வரும். கைப்பெட்டியும் மச்சினன் தனக்கு வேண்டாமென்று தள்ளிவிட்ட மலிவுப் பெட்டி, ஹாரனுக்கு ஒரு பொத்தான்கூடக் கிடையாது. வண்டி நிற்கும்போது லேசாக முனகும், அவ்வளவுதான்.

இந்த இரண்டு சில்லு விஷயத்தை எனக்குப் புரியவைக்க நீர் பட்ட பாடு எனக்கு மறக்காது. நம்பர் மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினைத் தனித் துண்டுத் தண்டவாளத்தில் வைத்து எழுத வேண்டும். அந்தத் துண்டில் அனுப்புகிற உத்தரவுக்கு மேல்விலாசம் கிடையாது, வண்டிக்குள் யார் யார் இருக்கிறார்களோ எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். அதனால் ஒரு சில்லைப் பிடுங்கி வெளியே வைத்துவிட்டுத்தான் மற்றதற்கு எழுத வேண்டும். “மாமியாள கோயிலுக்கு அனுப்பிட்டுத்தான் பொண்டாட்டிகிட்ட பேசணும் வே” என்றீர். அதற்குப் பிறகு எனக்குச் சுத்தமாகப் புரிந்தது.

அப்போது என் பிள்ளைக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது. எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் அவளைக் குடியா, குடியா என்று பொம்மையைப் போலக் கொஞ்சித் தூக்கிக்கொண்டு திரிவாள். குடியா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரிலிருந்து என் அம்மா, சில பிள்ளைகள் லேட்டாகத்தான் பேசும், நீயே நாலு வயசில்தான் பேசினாய், பேசி என்ன கிழித்தாய் என்றாள். தீபாவளிக்குக் காலனியே இடிந்து விழுகிற மாதிரி வெடி. மற்ற பிள்ளைகளெல்லாம் அலறிக்கொண்டு தாய் மடியில் முகம் புதைக்க, எங்கள் பிள்ளை ஜன்னலோரம் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. தைரியசாலி என்று நான்தான் எல்லோரிடமும் சொன்னேன். என் வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்து, வெடிக்கிற புகைக்குள் இறங்கிப் போய் நின்றேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் காதுப் பரிசோதனைக்குத் தேதி வாங்கி வந்தவள் அவள்தான். எனக்கு லீவு இல்லை என்றேன். லீவு மூட்டை மூட்டையாகக் கிடந்தது.

அதற்கப்புறம் பால் பூத்துக்குப் போன அன்றைக்கு நடந்தது. நான் சில்லறை தேடின நேரத்தில் பிள்ளை என் விரலை விட்டுவிட்டு ரோட்டில் இறங்கிவிட்டாள். பின்னால் ஓர் ஆட்டோ. ஹாரன் அடித்தான், கையை எடுக்காமல் அடித்தான். பூத்தில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். எதிர்ப்பக்கம் படுத்திருந்த நாய் எழுந்துவிட்டது. பிள்ளை மட்டும், பூ பறிக்கப் போகிறவள் மாதிரி, நிதானமாகப் போய்க்கொண்டிருந்தாள். வண்டி அவள் முதுகுக்குப் பின்னால் உரசி நின்றது. ஆட்டோக்காரன் இறங்கி வந்து, “பச்சி கோ சம்பாலோ, பாய் சாப்”, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான். அவன் உதடும் வெளுத்திருந்தது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்தேன். பாலை அங்கேயே வைத்துவிட்டேன். வீட்டில் பூத்தில் பால் தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். மறுநாள் பஸ்ஸில் உம்மிடம்தான் சொன்னேன்.

நீர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கேட்டீர். நான் வீட்டில் பிள்ளைக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பார்த்ததையும், அவள் சில சமயம் திரும்பினதையும் சொன்னேன். “நீர் தட்டுனா காத்து அவ மேல படுது, நெழலு விழுது. அது சோதனையா வே? சத்தம் மட்டும் போவணும். கூட வேற எதுவும் போவக் கூடாது” என்றீர். இறங்கும்போது, சத்தச் சில்லுக்கு நாலாம் நம்பர் எழுதிவிட்டால் வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு உறும வைக்கலாம், சத்தமே இல்லாமல் ஓடவும் விடலாம், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன் என்றீர். எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். நீர் என் தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டீர். உமக்குப் பயமே கிடையாது என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

ஞாயிற்றுக்கிழமை வந்தீர். வட்டமாகத் தண்டவாளம் கோத்து, நடுவில் பிள்ளை உட்கார இடம் விட்டீர். தரையதிர்வு தெரியக் கூடாதென்று குளிருக்குப் போர்த்துகிற ரஜாயை நாலாக மடித்துப் போட்டீர். எஞ்சின் மூடியைக் கழற்றி, மோட்டார் சில்லைப் பிடுங்கிவிட்டு, பிறகு நம்பர் எழுதுவதாகத்தான் ஏற்பாடு. அதற்குள் பிள்ளை தூக்கத்திலிருந்து எழுந்து வந்து எஞ்சினுக்குக் கை நீட்டினாள். இனி அவள் அழ ஆரம்பித்தால் சோதனையே நடக்காது என்று நான் உம்முடைய தலைக்கு மேலே நின்று ஜல்தி, ஜல்தி என்று நச்சரித்தேன். நீரும் பதற்றத்தில் மூடியைத் திறக்காமலே துண்டுத் தண்டவாளத்தில் வைத்து நாலு என்று எழுதினீர். எஞ்சின் ஒரு துடிப்புத் துடித்தது. கைப்பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. துடித்ததைப் பார்த்து, “ஏத்துக்கிட்டுது வே” என்று சந்தோஷமாகச் சொன்னவன் நான்.

பிள்ளையை நடுவில் உட்கார வைத்து, இரண்டு எவர்சில்வர் டம்ளரைக் கையில் கொடுத்தோம். எஞ்சின் அவள் முதுகுக்குப் பின்னால். நாலைப் போட்டு நீர் திருகைத் தொட்டீர். முனகல் வந்தது. பிள்ளை டம்ளரை டம்ளருக்குள் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் திருப்பினீர். உறுமல் ஏறியது. பிள்ளை திரும்பினாள். திரும்பி, எஞ்சினைப் பார்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

அதற்குமேல் சோதனையாவது ஒன்றாவது. என் வீட்டுக்காரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடிப் போய் அம்மாவிடம், பிள்ளைக்குக் காது கேக்கு, நல்லா கேக்கு என்று கத்தினேன். வரிசையில் நின்ற சர்தார்ஜி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அங்கிருந்து ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் ஜவ்வரிசியும் அப்பளமும் வாங்கி வந்தேன். நீர் பாயசம் குடித்துவிட்டு, வண்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனீர். சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்க்கிற மீதிச் சோதனை யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வந்திருந்தாலும் நான் செய்ய விட்டிருக்க மாட்டேன்.

மறுநாள் சாயங்காலம் வந்தீர். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றீர். மிச்சப் பாயசத்துக்கு மோப்பம் பிடித்து வந்துவிட்டீரா என்று கேட்டேன். நீர் சிரிக்கவில்லை.

“நேத்து எழுதும்போது வண்டி துடிச்சுது, பாத்தீரா வே?”

“பாத்தேன்.”

“துடிக்கக் கூடாது.”

சத்தச் சில்லுக்கும் மோட்டாருக்கும் தொடுப்பே கிடையாது, அதற்கு மட்டும் எழுதினால் வண்டி அசையாது, துடித்ததென்றால் மோட்டார் சில்லும் கூடவே நாலை வாங்கிக்கொண்டது என்றீர். வீட்டில் போய் மூன்றைப் போட்டால் வண்டி செத்துக் கிடக்கிறது, நாலைப் போட்டால் உறுமிக்கொண்டே ஓடுகிறது என்றீர். அப்படியானால் நேற்றும் ஓடியிருக்கிறது. நகர்ந்து வந்து பிள்ளையின் கடைக்கண்ணில் பட்டிருக்கிறது. நாம் மூன்று பேரும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வண்டியை ஒருத்தரும் பார்க்கவில்லை.

நான் உம்மைத் திட்டினேன். வீட்டுக்கு வந்து நல்ல பிள்ளையைக் கெடுக்கிறீரா, உம்மை யார் மறுபடி போட்டுப் பார்க்கச் சொன்னது, போம் வே வெளியே என்றேன். பயந்தவன் வாயிலிருந்து என்னவெல்லாம் வரும் என்பதற்கு அளவில்லை. நீர் அங்கேயே நின்றீர். அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி வந்தாள். “நீங்க செய்யுங்க அண்ணாச்சி. இவுக வேணா வெளிய நிக்கட்டும்” என்றாள்.

நான் வெளியே நிற்கவில்லை. அதற்கும் பயம்.

இந்தத் தடவை மூடியைக் கழற்றினீர். மோட்டார் சில்லைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தீர். கை நடுங்கினது, சில்லு கீழே விழுந்துவிடும் என்று விரலை மூடிக்கொண்டேன். சத்தச் சில்லுக்கு நாலை எழுதினீர். வண்டி துடிக்கவில்லை. பச்சை விளக்கும் எரியவில்லை, பெட்டி தப்பு என்று காட்டியது. மோட்டார் இல்லாவிட்டால் அப்படித்தான் காட்டும், எழுத்து ஏறியிருக்கும் என்றீர். பிறகு என் கையிலிருந்ததை வாங்கிச் செருகி, பழையபடி அதற்கு மூன்றைக் கொடுப்பதற்காகச் சத்தச் சில்லைப் பிடுங்கிக் கொடுத்தீர். அதையும் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு மட்டும் நீர் இன்னும் நூறு சில்லு கொடுத்திருந்தாலும் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். எல்லாம் முடியக் கூடாது என்றிருந்தது.

முடிந்தது. பிள்ளை ரஜாயில் உட்கார்ந்தாள். அதே டம்ளர். எஞ்சின் முதுகுக்குப் பின்னால். இந்தத் தடவை நான் வண்டியைப் பார்க்க வேண்டும், என் வீட்டுக்காரி பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தீர். நாலைப் போட்டுத் திருப்பினீர். முனகல் உறுமலாகி, உறுமல் ஏறி, நிஜ டீசல் மேட்டில் மூச்சுப் பிடிக்கிற மாதிரி கூடம் நிறைந்தது. சக்கரம் அசையவில்லை. நான் சக்கரத்தையே பார்த்தேன், அசைந்துவிடு, அசைந்துவிடு என்று. எதிர்வீட்டு அம்மாள் என்ன சத்தம் என்று எங்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பிள்ளை டம்ளரை டம்ளருக்குள் போட்டாள். எடுத்தாள். போட்டாள்.

நீர் திருகைக் கீழே இறக்கிவிட்டு மூன்றைப் போட்டீர். வண்டி சத்தமில்லாமல் வளைந்து அவள் பக்கவாட்டில் வந்தது. பார்த்த உடனே டம்ளரைப் போட்டுவிட்டு, நேற்றுப் போலவே பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். என் வாழ்நாளில் நான் பயந்த சிரிப்பு அது ஒன்றுதான்.

அதற்கப்புறம் லீவு கிடைத்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் நீர் எனக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தீர். எழுந்து போய்விடலாம் என்று நான் மூன்று முறை எழுந்தேன், மூன்று முறையும் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தீர். கால் வர மாட்டேன் என்கிறதே என்றேன். “பயத்துக்கு ஒரு நம்பர், காலுக்கு ஒரு நம்பர் போட்டுக்கிடும் வே. அது பாட்டுக்கு உறுமட்டும். இது பாட்டுக்குப் போவட்டும்” என்றீர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. உள்ளே போய் வந்தோம். கொஞ்சம் கேட்கிறது, கருவி வைத்தால் பேச்சு வரலாம், ஆனால் இப்போதே வைக்க வேண்டும், தள்ளிப் போடக் கூடாது என்றார்கள். தள்ளிப் போடுவதில் தேர்ந்தவன் தலையைக் குனிந்துகொண்டேன்.

நீர் சொன்ன மாதிரி நம்பர் பிரிக்க எனக்கு இன்றைக்கும் வரவில்லை. எனக்கு இரண்டுக்கும் ஒரே நம்பர்தான், உறுமிக்கொண்டேதான் நகர்கிறேன். கருவி தொலைந்தால் பயம். மழையில் நனைந்தால் பயம். வகுப்பில் மற்ற பிள்ளைகள் சிரித்தால் பயம். அவள் முதன்முதலில் என்னை அப்பா என்று கூப்பிட்டபோது அவளுக்கு நாலு வயது ஆகிவிட்டது. அன்றைக்கும், இதைத் திரும்பச் சொல்வாளோ மாட்டாளோ என்று பயந்து கொண்டாட மறந்துவிட்டேன். இப்போது பேச்சில் பாதி இந்தி, பாதி தமிழ், சண்டைக்கு இரண்டும். என் பேச்சு நீண்டால் கருவியைக் கழற்றி மேஜையில் வைத்துவிடுகிறாள். அந்த வசதி அவளுடைய அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

போன மாதம் மதினி குவார்ட்டர்ஸைக் காலி செய்தார்கள். சாமான் கட்டப் போனேன். ரயில் பெட்டியை ஊருக்கே கொண்டுபோகிறேன் என்றார்கள், நானும் கேட்கவில்லை. கயிறு இழுத்துக்கொண்டிருந்தபோது, எதையோ பேசுகிற மாதிரி மதினி சொன்னார்கள். அந்தத் திங்கட்கிழமை நீர் ஆபீசுக்கே போகவில்லையாம். எங்கள் பக்கம் வருகிற பஸ்ஸை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு நிறுத்தத்தில் நின்றீராம். ஒருவழியாக ஏறி ஆர்.கே.புரத்தில் இறங்கி, நேரே எங்கள் வீட்டுக்கு வராமல் மலை மந்திர் கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்தீராம். சொல்லாமல் விட்டால் அவர்கள் சந்தோஷமாக இருப்பார்களே என்று முருகனிடம் கேட்டீராம். “ராத்திரி வந்து சோறு எறங்கல அவுகளுக்கு. பிள்ளைக்கு ஒண்ணுன்னா நான் என்ன செய்வேன்னு சொல்லிச் சொல்லி அவுக கை நடுங்கிச்சு” என்றார்கள் மதினி.

என் உள்ளங்கையில் சில்லை வைத்தபோது நடுங்கினது என் கை என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

நீர் போவதற்கு முந்தின மழைக்காலத்தில் இரண்டு பேரும் மார்க்கெட்டுக்கு நடந்து போனது ஞாபகம் இருக்கிறதா? நான் உம்மை இடித்து இடித்து ரோட்டோரமாகத் தள்ளிக்கொண்டு, வண்டிகள் வருகிற பக்கமாக நானே நடந்தேன். பிள்ளையோடு நடந்து நடந்து வந்துவிட்ட பழக்கம். பின்னால் வருவதை அவளுக்கும் சேர்த்து நான் கேட்க வேண்டுமே. நீர் கடுப்பாகி, “என்னைய ஏன் வே சாக்கடைல தள்ளுதீரு, எனக்குக் காது நல்லாத்தான் கேக்கு” என்றீர். நான் சிரித்தேனே தவிர இடம் மாறவில்லை.

இப்போதும் அப்படித்தான் நடக்கிறேன். தனியாகப் போகும்போதும், பின்னால் வருகிற ஹாரனுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு, உள்பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டுத்தான் நடக்கிறேன்.